அரசியல் அறிவியல் ஆராய்ச்சி முறைகள்: வீட்டிலிருந்தே படிக்க எந்த வழி?

அரசியல் அறிவியலில் முதுகலை முடித்த பலருக்கும் ஆராய்ச்சி முறையியல் என்பது ஒரு பருவத்தில் எழுதித் தேறிய தாள். கருதுகோளின் வகைகள், மாதிரியெடுப்பின் வகைகள், நல்ல வினாப்பட்டியலின் பண்புகள் எல்லாம் நினைவில் இருக்கும். ஆனால் முனைவர் பட்ட நேர்காணலில் “உங்கள் கேள்விக்கு எந்தத் தரவை வைத்துப் பதில் சொல்லப்போகிறீர்கள்? அந்தப் பதில் தப்பாகப் போக என்னென்ன வழி இருக்கிறது?” என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். இந்தக் குறையை வீட்டிலிருந்தபடி, அவரவர் வேகத்தில், குறைந்த செலவில் சரிசெய்துகொள்ள இன்று நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாமே உருப்படியானவை. எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது.

தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும்: கிரெடிட்டா (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு), நெட் எனும் விரிவுரையாளர் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணா, ஆய்வு முன்மொழிவா, தரவைக் கையாளும் திறமையா? அடுத்தது, நீங்கள் செய்யும் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்கள்? இந்த இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்டுக்கொள்வதே இல்லை. ஆராய்ச்சி முறையில் வரும் பிழைகள் கண்ணுக்குத் தெரியாதவை. கணினி ஒரு விடையைத் தந்துவிடும். அது தவறான கேள்விக்கான விடை என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஸ்வயம், என்பிடெல், இக்னோ

கிரெடிட் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, இந்தப் பக்கம்தான் வர வேண்டும். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்கும் பாடங்களை, ஒரு படிப்பின் 40 விழுக்காடு வரை பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிமுறை சொல்கிறது. முனைவர் பட்டத்துக்கான 2022 விதிமுறைப்படி, குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க் (ஆய்வோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்க வேண்டும். அதில் ஆராய்ச்சி முறையியலும், ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறை என்ற பாடமும் கட்டாயம். யுஜிசி அங்கீகரித்த இணையப் பாடங்களை ஆய்வு ஆலோசனைக் குழு இதற்குப் பரிந்துரைக்கலாம். ‘பரிந்துரைக்கலாம்’ என்பதைக் கவனியுங்கள். பாடத்தை முடித்துவிட்டுச் சான்றிதழோடு போய் நிற்பதைவிட, சேரும் முன்பே பாடத்தின் பெயரையும் வாரக் கணக்கையும் குறிப்பிட்டுத் துறையில் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

இவற்றை ‘நம் வேகத்தில் படிப்பது’ என்று நினைத்துச் சேர்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் ஸ்வயம் வழியாக நடத்தும் என்பிடெல் பாடங்கள் 4, 8, 12 வாரக் கணக்கில் ஓடுகின்றன. ஒவ்வொரு வாரமும் ஒப்படைப்புக்குக் கெடு உண்டு. ஒப்படைப்புக்கு 25, மையத்தில் நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். சான்றிதழுக்கு ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள், அதனால் ஓரிரு வாரம் தவறினாலும் பயமில்லை. அதிகம் பேர் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில்: பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் வெவ்வேறு. சேர்வது இலவசம், தேர்வுக்குத் தனியாகப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். எல்லாக் காணொளியையும் பார்த்து, எல்லா ஒப்படைப்பையும் முடித்து, தேர்வுப் பதிவின் கடைசி நாளைத் தவறவிட்டால் அந்தப் பருவமே வீண்.

கெடு இல்லாமல் படிக்க நினைப்பவர்களுக்கு முதுகலைப் பாடங்களை வைத்திருக்கும் ஈ-பிஜி பாடசாலாவும், இக்னோ பாடநூல்களை வைத்திருக்கும் ஈஞானகோஷும் இருக்கின்றன. இக்னோவின் சமூகவியல் முதுகலையில் உள்ள ஆராய்ச்சி முறையியல் தாளின் அலகுகள் ஒழுங்காக எழுதப்பட்டவை. பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கும். நெட் தேர்வின் முதல் தாளில் வரும் ஆராய்ச்சி நாட்டம் என்ற அலகுக்கு இது தாராளமாகப் போதும். வெளிநாட்டுப் பாடங்களில் மாதக்கணக்கில் உட்கார வேண்டிய தேவையே இல்லை.

இந்தப் பக்கத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். பாடங்கள் பெரும்பாலும் வரையறை சார்ந்தவை. அடுக்குமுறை மாதிரியெடுப்பு என்றால் என்ன என்று கேட்பார்கள். ஒரு சட்டமன்றத் தொகுதியில் 25 வாக்குச்சாவடிகளைத் தேர்ந்தெடுத்துக் காட்டுங்கள் என்று கேட்கமாட்டார்கள். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அதற்குமேல் எதையும் சோதிக்க முடியாது.

கோர்செராவில் ஆம்ஸ்டர்டாம்

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் சமூக அறிவியல் முறைகளுக்கென்று ஒரு தொகுப்பைக் கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் வைத்திருக்கிறது. எண்களை வைத்து ஆராயும் அளவுமுறை, பேச்சையும் எழுத்தையும் வைத்து ஆராயும் பண்புமுறை, அடிப்படைப் புள்ளியியல், அனுமானப் புள்ளியியல் என்று நான்கு பாடங்கள், கடைசியில் ஒரு நிறைவுப் பணி. இவற்றில் அளவுமுறைப் பாடத்தை எல்லாருக்குமே சிபாரிசு செய்யலாம். ஓர் ஆய்வின் முடிவு எந்தெந்த வழிகளில் கெட்டுப்போகும் என்பதை அது வரிசையாக எடுத்துச் சொல்கிறது: அளவீடு தவறுவது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் வரும் சாய்வு, இடையில் விலகிப் போகிறவர்கள், ஆய்வாளரின் எதிர்பார்ப்பே பதிலை மாற்றுவது. ‘செல்லுபடி’ (அளப்பதாகச் சொன்னதைத்தான் அளந்தோமா என்பது) என்ற சொல்லை நம் பாடநூல்கள் இரண்டு வரியில் தாண்டிப் போகும் இடத்தில் இது வாரக்கணக்கில் நிற்கிறது. அடிப்படைப் புள்ளியியலை நடத்துபவர்களில் ஒருவர், ஐரோப்பாவில் ஜனரஞ்சக (பாப்புலிச) அரசியலை ஆராயும் மத்தைஸ் ரோடுய்ன். ஆனாலும் பாடங்கள் பொதுச் சமூக அறிவியலுக்கு எழுதப்பட்டவை. தேர்தல், கட்சி, ஆட்சி என்று உதாரணங்களை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

கட்டணம் மாதச் சந்தா முறையில். எனவே மெதுவாகப் படிப்பவர் அதிகம் கட்டுவார். தன் வேகத்தில் படிக்க நினைப்பவருக்கு இது பாதகமான ஏற்பாடு. கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். வருமானம், ஏன் இந்தப் பாடம் வேண்டும் என்பதையெல்லாம் எழுத வேண்டும், பரிசீலிக்க இரண்டு வாரம்போல ஆகும். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் பாடம் நடக்கும்போதே அடுத்ததற்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.

திருத்துவது யார்? சக மாணவர்கள். உங்களைப்போலவே நேற்றுச் சேர்ந்த ஒருவர், கொடுத்திருக்கும் அளவுகோலை வைத்து மதிப்பெண் போடுவார். வடிவத்தில் உள்ள குறைகள் அதில் தெரியவரும். ஆய்வுக் கேள்வியே கோணலாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அவருக்கும் இருக்காது.

எம்ஐடியின் இணையப் பாடம்

எஸ்தர் டுஃப்லோவும் சாரா எலிசனும் நடத்தும் ‘சமூக அறிவியலாளருக்கான தரவுப் பகுப்பாய்வு’ இந்த வரிசையில் மிகக் கனமானது. நிகழ்தகவில் தொடங்கி, ரேண்டம் சோதனை (யாருக்கு எது என்பதைக் குலுக்கல்போலத் தீர்மானிப்பது), ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடுவது), இயந்திரவழிக் கற்றல் வரை போகிறது. கணக்கிடுவதெல்லாம் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில். டுஃப்லோ 2019-ல் அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரெமர் ஆகியோருடன் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். களத்தில் தரவு எப்படிச் சேகரிக்கப்படுகிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதை நேரில் கண்டவர் சொல்லிக்கொடுக்கிறார் என்பதுதான் இங்கே முக்கியம்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் நுண்கணிதம் படித்து, அது இன்னும் கொஞ்சமாவது நினைவிருப்பவர்கள்தான் இதில் தாக்குப்பிடிக்க முடியும். கலைப் பிரிவிலிருந்து அரசியல் அறிவியலுக்கு வந்தவர் நேராக இதில் இறங்கினால், அடர்த்திச் சார்புகள் வரும் வாரத்திலேயே நின்றுவிடுவார். அதைத் தன் அறிவுக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்தேவை இல்லாமல் சேர்ந்ததுதான் காரணம். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாதவர்களும் இதைத் தள்ளிவைப்பதே நல்லது.

இலவசமாகச் சேர்பவர்களுக்கு எல்லாமே எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இதையும் தெரிந்துகொண்டே சேருங்கள்.

பாடநூலும் தரவும்

எங்கள் முதல் சிபாரிசு இந்த வழிதான். ஒரு பாடநூல், அதோடு வரும் தரவுக் கோப்புகள், ஒரு சாதாரண மடிக்கணினி. 4 ஜிபி நினைவகம் போதும். ஆர் மொழியும் ஆர்ஸ்டூடியோவும் இலவசம். மடிக்கணினியில் நிறுவ முடியாவிட்டால் கூகுள் கோலாப்பில் இயங்குமொழியை ஆர் என்று மாற்றி உலாவியிலேயே வேலை பார்க்கலாம்.

அறிமுகத்துக்கு, கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் 2020-ல் சேர்ந்து எழுதி இலவசமாக வெளியிட்ட அரசியல் அறிவியல் ஆராய்ச்சி முறை நூல் இருக்கிறது. கோட்பாடு, கருதுகோள், இலக்கிய மீளாய்வு, அளவீடு, ஆய்வு நெறி எல்லாம் எளிய ஆங்கிலத்தில் இருக்கின்றன. உதாரணங்கள் அமெரிக்க அரசியலைச் சுற்றியே வரும். தரவுப் பக்கத்துக்கு, கொசுகே இமாய் 2017-ல் எழுதிய அளவுமுறைச் சமூக அறிவியல் பாடநூல். இன்னொருவருடன் சேர்ந்து 2022-ல் எழுதிய எளிய வடிவமும் உண்டு. தொடக்க நிலையினருக்கு இரண்டாவதே மேல். புத்தகத்துக்கு விலை உண்டு. இமாயின் முதல் நூலின் தரவுக் கோப்புகள் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் இலவசம்.

இதில் நம் நாட்டுத் தரவு ஒன்று இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, எந்த ஊராட்சி என்பது ரேண்டமாகத் தீர்மானிக்கப்பட்டது. ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் டுஃப்லோவும் அதைப் பயன்படுத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வின் தரவு இது. சிறிய கோப்பு: 322 வரிசை, 6 நெடுவரிசை. ஒவ்வொரு வரிசையும் ஒரு கிராமம். இதை முழுதாகச் செய்து முடித்தால், ஒரு பருவத்துக்குரிய முறையியலில் பாதி கைக்கு வந்துவிடும்.

கோப்பைத் திறந்ததும் வரிசைகளை எண்ணுங்கள். 322 வராவிட்டால் ஏற்றியதில் பிழை. அடுத்து, ஒதுக்கீடு உண்மையில் நடைமுறையானதா என்று பாருங்கள். ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் தலைவர் பெண்ணாக இருக்கும் விகிதம் 1, அதாவது அத்தனை பேரும் பெண்கள். ஒதுக்கப்படாதவற்றில் சுமார் 0.07. ஒதுக்கீடு தாளில் மட்டும் இருக்கவில்லை என்று இப்போது சொல்லலாம். பிறகு குடிநீர். புதிதாக அமைத்த அல்லது பழுதுபார்த்த குடிநீர் வசதிகளின் சராசரி, ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளின் கிராமங்களில் 23.99, மற்றவற்றில் 14.74. வித்தியாசம் 9.25. பாசன வசதிக்கு இதே கணக்கைப் போட்டால் −0.37, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. குடிநீருக்காக ஆண்களைவிடப் பெண்களே அதிகம் முறையிட்டார்கள் என்பது ஆய்வின் இன்னொரு பகுதி.

இப்போது ரிக்ரெஷன். குடிநீர் வசதியைச் ‘சார்ந்த மாறி’யாகவும் (விளைவு) ஒதுக்கீட்டைச் ‘சாரா மாறி’யாகவும் (காரணம்) வைத்து ஓட்டினால், மாறிலி 14.74, கெழு 9.25 என்று வரும். மேலே கைக்கணக்காகப் போட்ட அதே எண்கள். சாரா மாறி 0, 1 என்று இருக்கும்போது ரிக்ரெஷன் இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. சூத்திரத்தை நூறு முறை எழுதிப் பார்த்தாலும் வராத தெளிவு இங்கே ஐந்து நிமிடத்தில் வரும்.

தடுக்கி விழும் இடமும் இதே கோப்பில்தான் இருக்கிறது. 322 கிராமங்கள் என்றாலும் ஊராட்சிகள் 161 தான். ஓர் ஊராட்சிக்கு இரண்டு கிராமம். ஒதுக்கீடு ஊராட்சிக்கு நடந்தது, கிராமத்துக்கு அல்ல. ஒரே தலைவரின் கீழுள்ள இரண்டு கிராமங்களைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் திட்டப்பிழை (நம் மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) தவறாக வரும், பெரும்பாலும் உண்மையைவிடச் சிறிதாக. ஊராட்சி வாரியாகக் கொத்தாக்கித் திட்டப்பிழையைக் கணக்கிட வேண்டும். ஆர் தானாக இதைச் செய்யாது, எச்சரிக்கையும் காட்டாது. அடுத்து, 9.25 என்பது எதன் விளைவு? ஒதுக்கீட்டின் விளைவு. ‘பெண்’ என்பதன் விளைவு என்று எழுதிவிட்டால் ஒரு படி அதிகமாகப் போய்விட்டீர்கள். ஒதுக்கீட்டில் வந்த தலைவர் பெண் என்பதோடு, முதல் முறை பதவிக்கு வந்தவராகவும் இருக்கலாம், வேறு பொருளாதாரப் பின்னணியிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். ஒரு முடிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று இரண்டு வாக்கியத்தில் எழுதிப் பழகுவதுதான் முறையியலின் உயிர். எந்தத் தளத்தின் காணொளியும் இதை உங்களுக்காக எழுதித் தராது.

நேரக் கணக்கு: வாரம் 6 மணி நேரம் வைத்து 14 வாரம். அந்த ஆறில் 2 மணி படிப்பு, 3 மணி தரவு, 1 மணி எழுத்து. படிப்புக்கு ஐந்தும் மற்றவற்றுக்கு ஒன்றுமாகப் பிரிப்பவர்கள் ஐந்தாவது வாரத்தில் எல்லாம் புரிந்ததுபோல உணர்வார்கள். பத்தாவது வாரத்தில் கை ஓடாது.

பாடநூலுக்குத் துணையாக இரண்டு: ஈகேப் என்ற ஆய்வாளர் வலையமைப்பு வெளியிட்டுள்ள முறை வழிகாட்டிகள், தலைப்புக்குப் பத்துக் குறிப்பு என்று சுருக்கமாக இருக்கும், இலவசம். எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேரில் அரசியல் அறிவியல் ஆய்வகம் என்ற பாடத்தின் அட்டவணையும் பயிற்சிகளும் கிடைக்கும். ஹார்வர்டின் கேரி கிங் நடத்தும் உயர்நிலை வகுப்புகள் யூடியூபில் முழுதாக இருக்கின்றன. அவற்றை முதலில் பார்த்து மிரண்டுபோகாமல், ரிக்ரெஷன் கைவந்த பிறகு பாருங்கள்.

சொந்தத் தரவில் இறங்கும்போது

பாடநூல் தரவு சுத்தமாக இருக்கும். சொந்தத் தரவு அப்படி இருக்காது. தேர்தல் முடிவுகளுக்கு அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் நடத்தும் லோக்தாபா நல்ல தொடக்கம். 1960-களிலிருந்து தொகுதிவாரியாக சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். வாக்குச்சாவடி அளவில் வேண்டுமென்றால் படிவம் 20 என்ற தேர்தல் முடிவுத் தாள். அது பல இடங்களில் ஸ்கேன் செய்த பிடிஎஃப். ஒரு தொகுதியைத் தட்டச்சு செய்து சரிபார்ப்பதற்கே நாட்கள் போகும். முதல் ஆய்வுக்கு அதைத் தொடாதீர்கள்.

தமிழ்நாட்டுத் தரவில் அடிக்கடி சறுக்கும் இடம், தொகுதிகளைக் காலவாரியாக ஒப்பிடுவது. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009 மக்களவைத் தேர்தலும் 2011 சட்டமன்றத் தேர்தலும் புது எல்லையில் நடந்தன. நாகர்கோவில், திருச்செந்தூர், சிவகாசி மக்களவைத் தொகுதிகள் போய்க் கன்னியாகுமரி, தூத்துக்குடி, விருதுநகர் வந்தன. பெயர் மாறினால் நல்லதே, கணினி பொருத்தாமல் விட்டுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். பெயர் அப்படியே இருந்து எல்லை மட்டும் மாறிய தொகுதிகள்தான் ஆபத்து. கணினி மௌனமாகப் பொருத்திவிடும், நீங்களும் 2004-க்கும் 2009-க்கும் நடுவே வாக்கு மாற்றம் இத்தனை விழுக்காடு என்று எழுதிவிடுவீர்கள். அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று, ‘மற்றவர்கள்’ என்று தொகுக்கப்பட்ட வாக்குகள். லாக்ஸோவும் டாகபெராவும் 1979-ல் தந்த, உண்மையில் எடுபடும் கட்சிகள் எத்தனை என்று சொல்லும் பயனுறு கட்சி எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம்: வாக்கு விகிதங்களின் வர்க்கங்களைக் கூட்டி, 1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு தொகுதியில் 42, 38, மற்றவர்கள் 20 விழுக்காடு என்று வைத்தால் 0.1764, 0.1444, 0.04 கூட்டி 0.3608, விடை 2.77. அந்த 20 விழுக்காடு உண்மையில் ஆளுக்கு 2 விழுக்காடாகப் பத்துப் பேருடையது என்றால் கூட்டுத்தொகை 0.3248, விடை 3.08. ஒரே தேர்தல், ஒரே வாக்குகள், வேறு முடிவு. 2013-ல் வந்த நோட்டாவை மொத்தத்தில் சேர்ப்பதா கழிப்பதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் 2011-உம் 2016-உம் வெவ்வேறு அடித்தளத்தில் நிற்கும்.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. எக்செல்லில் 1,23,456 என்று காற்புள்ளியோடு இருக்கும் எண்ணை ஆர் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கூட்டச் சொன்னால் பிழை காட்டும். தமிழில் உள்ள பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறினால், கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமிக்கவில்லை என்று பொருள். உலக மதிப்புகள் சர்வே போன்ற கணிப்புத் தரவுகளில் ‘தெரியாது’ என்பதற்கு −1, ‘பதில் இல்லை’ என்பதற்கு −2 என்று குறியீடு இருக்கும். அவற்றை விடுபட்டவையாக மாற்றாமல் சராசரி எடுத்தால் அது பொய்யாகக் குறைந்துவிடும். தரவைத் தொடும் முன் குறியீட்டு ஏட்டை ஒரு முறை முழுதாகப் படிப்பது கட்டாயம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இந்த எரிச்சல்களைத் தீர்க்க நன்றாகவே உதவுகின்றன. பிழைச் செய்தியை ஒட்டினால் காரணம் சொல்லிவிடும். ஆனால் “இந்தத் தரவுக்கு என்ன பகுப்பாய்வு செய்யலாம்” என்று கேட்டால், கொத்தாக்க வேண்டுமா, எடை போட வேண்டுமா என்று யோசிக்காத ஒரு நிரலையும் அதே உறுதியோடு தரும். இல்லாத கட்டுரைகளை மேற்கோளாக எழுதித் தருவதும் நடக்கிறது. முதலில் நீங்களே ஒரு நிரல் எழுதுங்கள், பிறகு அதில் என்ன தவறு என்று கேளுங்கள்.

நேர்காணல், களப்பணி

பண்புமுறையைக் காணொளியில் கற்க முடியும் என்பதில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. ஆம்ஸ்டர்டாமின் பண்புமுறைப் பாடம் நல்ல அடித்தளம் தரும், அவ்வளவுதான். மிச்சத்தை ஆட்களிடம் பேசித்தான் கற்க வேண்டும். முதலில் மூன்று முன்னோட்ட நேர்காணல்கள். ஒப்புதல் வாங்குவது, ஒலிப்பதிவுக்கு அனுமதி, பெயரை மறைப்பது எல்லாவற்றையும் நிஜ ஆய்வுபோலவே செய்யுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். தானியங்கி எழுத்தாக்கம் வட்டாரப் பேச்சில் தடுமாறும். இருபது நேர்காணல் என்று முன்மொழிவில் எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பேசியது தமிழில் என்றால் எழுத்தாக்கமும் குறியிடலும் (பேச்சின் பகுதிகளுக்குப் பொருள்வாரியாகக் குறிப்பெயர் இடுவது) தமிழிலேயே நடக்கட்டும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும் பகுதியை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும். ஆங்கிலமாக்கிவிட்டுக் குறியிட்டால், ‘மரியாதை’, ‘சொந்தக்காரர்’, ‘நம்மாளு’ என்ற சொற்களில் இருக்கும் அரசியல் முதல் சுற்றிலேயே தொலைந்துபோகும். குறியிடுவதற்கு டாகெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் முதல் ஆய்வுக்குத் தேவையில்லை.

திருத்துவதற்கு ஆள் தேடுவது

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1963 முதல் ஆராய்ச்சி முறைகளைக் கற்பிக்கும் ஐசிபிஎஸ்ஆர் கோடைப் பள்ளி, இங்கிலாந்தில் எசெக்ஸ் கோடைப் பள்ளி போன்றவற்றில் ஆசிரியரே உங்கள் ஆய்வைப் பார்ப்பார். கட்டணம் நம் மாணவர்களுக்கு எட்டாத உயரம். உதவித்தொகை கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். இங்கே டெல்லியில் உள்ள சிஎஸ்டிஎஸ் என்ற சமூக அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் லோக்நீதி திட்டம் இந்தியத் தேர்தல் தரவுப் பகுப்பாய்வுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடத்திவருகிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துவிடுங்கள். ஆர் அல்லது எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் அடிப்படை தெரிந்துகொண்டு போனால் பலன் பல மடங்கு.

பட்டறை கிடைக்காதவர்கள் மறுசெய்கை என்ற வழியைப் பிடிக்கலாம். அமெரிக்க அரசியல் அறிவியல் இதழ்கள் பலவற்றில் வெளியான கட்டுரைகளின் தரவும் நிரலும் ஹார்வர்ட் டேட்டாவர்ஸ் என்ற தரவுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஒரு கட்டுரையை எடுத்து, அதன் முதல் அட்டவணையை மட்டும் நீங்களே எழுதிய நிரலால் மீண்டும் உருவாக்குங்கள். எண் பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் எங்கே பிசகினீர்கள் என்று ஆசிரியர்களின் நிரலே சொல்லிவிடும். ஆள் இல்லாமலே கிடைக்கும் கறாரான திருத்தம் இது.

ஆய்வுக் கேள்விக்கு மட்டும் மனிதர்தான் வேண்டும். ஒரு பேராசிரியருக்கு முப்பது பக்கத்தை அனுப்பி “கருத்துச் சொல்லுங்கள்” என்றால் பதில் வராது. ஒரு பக்கம் அனுப்புங்கள்: கேள்வி ஒரு வாக்கியம், எந்த அலகை ஒப்பிடுகிறீர்கள், சார்ந்த மாறியை எப்படி அளப்பீர்கள், உங்கள் கருதுகோள் தப்பு என்று எந்த விடை வந்தால் ஒப்புக்கொள்வீர்கள். கீழே குறிப்பாக இரண்டு சந்தேகங்கள். இதற்குப் பதில் எழுதப் பத்து நிமிடம் போதும் என்பதால் பலர் எழுதுவார்கள்.

யாருக்கு எது

நெட் தேர்வுதான் இலக்கு என்றால் இக்னோ நூலும் ஈ-பிஜி பாடசாலாவும்; ஆறு வாரம், செலவு இல்லை. கோர்ஸ்வொர்க் கிரெடிட் என்றால் ஸ்வயம், துறையின் அனுமதியோடு. அதை மட்டும் நம்பி ஆய்வில் இறங்க வேண்டாம், பக்கத்திலேயே பாடநூலும் தரவும் நடக்கட்டும். ஆறு மாதத்தில் முன்மொழிவு எழுத வேண்டியவருக்கு முதலில் ஆம்ஸ்டர்டாமின் அளவுமுறைப் பாடம், பிறகு பீர்பூம் தரவு, பிறகு ஒரு மறுசெய்கை. தன்னார்வ அமைப்பிலோ ஊடகத்திலோ தரவு வேலை தேடுபவர் சான்றிதழுக்காகப் பணம் செலவழிப்பதைவிட, மூன்று சிறு பகுப்பாய்வுகளை நிரலோடு கிட்ஹப்பில் போட்டுவைப்பது நேர்காணலில் அதிகம் பேசும். கணிதம் வரும், நேரமும் உண்டு என்பவர் எம்ஐடி பாடத்துக்குத் தயங்காமல் போகலாம்.

கையில் ஃபோன் மட்டும் இருப்பவர் முதல் இரண்டு மாதத்தை வாசிப்புக்கும் ஆய்வு வடிவமைப்புக்கும் ஒதுக்கலாம். லோக்நீதி தன் தளத்தில் போட்டிருக்கும் வினாப்பட்டியல்களை எடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எதை அளக்கிறது, எங்கே வழிநடத்துகிறது என்று குறிப்பெழுதுவது ஃபோனிலேயே செய்யக்கூடிய நல்ல பயிற்சி. தரவு வேலைக்குக் கல்லூரி ஆய்வகமோ நண்பரின் கணினியோ வாரத்துக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும்.

அரசியல் சிந்தனை வரலாற்றிலோ கோட்பாட்டிலோ ஆய்வு செய்பவருக்கு மேலே சொன்ன தரவு வேலை பெரும்பாலும் தேவைப்படாது. அவர் கோர்ஸ்வொர்க்குக்கு வேண்டியதை ஸ்வயத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தை மூல நூல்களை அவற்றின் மொழியில் வாசிப்பதற்கும், ஆவணக் காப்பகத்தில் குறிப்பெடுக்கும் ஒழுங்குக்கும் கொடுக்கலாம். ரிக்ரெஷன் அட்டவணை ஒன்றைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அடிப்படைப் புள்ளியியல் மட்டும் இருந்தால், துறையில் மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கத் தடை இருக்காது.